மாட்டின் காது வில்லை: செலவு யாருக்கு, பதிவு மேசை எங்கே?

கீழ்பவானிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் பால் சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. அடையாள எண் போட்ட காது வில்லை விழுந்துவிட்ட மாட்டுக்கு மறுபடி போட்டுவிட மாட்டுக்காரரிடம் பணம் வாங்கலாமா? வில்லைப் பதிவுக்கென்றே ஓர் ஆளைக் கேட்டு வாங்கினால் அவரை எங்கே உட்கார வைப்பது? மாவட்டத் தலைநகரில் என்றார் ஒருவர், தாலுகாவில் என்றார் இன்னொருவர், பால் ஊற்றுகிற இடத்திலேயே என்றார் மூன்றாமவர். முடிவு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு இதில் சொந்த வலி உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் சந்தையில் ஒரு சினை மாடு பிடித்தேன். ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈற்று, சாதுவான மாடு. இடது காதில் மஞ்சள் வில்லை இருந்தது. காப்பீடு போட்டபோது அந்த 12 இலக்க எண்ணைத்தான் எழுதிக்கொண்டார்கள். கன்று ஈன்று நாலாம் மாதம், ஒரே ராத்திரியில் வயிறு உப்பிச் செத்துப் போனது. பணம் கேட்டு எழுதினால், அந்த எண் வேறு மாவட்டத்தில் யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறதாம். அதுவும் எருமை என்று பதிவாகி இருக்கிறதாம். மாடு என்னுடையது என்று பால் சங்கப் புத்தகம் காட்டினேன், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து சொன்னார்கள். எழுபதாயிரம் ரூபாய் மாட்டுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

வில்லை விலை என்ன என்பதைப் பற்றியே கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். எனக்கு நட்டம் வந்தது வில்லையால் இல்லை. மாடு கைமாறிய அன்று பெயரை மாற்றி எழுத அங்கே ஆள் இல்லாததால் வந்தது. அந்த ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது, அவர் எங்கே இருக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மருந்தகம்

தம்பி, நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் உங்கள் நட்டத்துக்கு வருந்துகிறேன். மாடு செத்த வீட்டின் துக்கத்தை நிறைய பார்த்திருக்கிறேன்.

செலவுக் கணக்கைச் சொல்கிறேன். 2017 வாக்கில் செய்திகளில் வந்தபடி ஒரு வில்லை 8 ரூபாய், எடையும் 8 கிராம்தான். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாட்டினம் சுமார் 95 லட்சம். எருமையைச் சேர்க்காமல், பெருக்கிப் பார்த்தால் 7 கோடியே 60 லட்சம் ரூபாய். ஒரு மாநிலத்துக்கு இது பெரிய தொகையே இல்லை. 2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் தொடங்கி வைத்த கோமாரி, கருச்சிதைவு நோய்த் தடுப்புத் திட்டத்துக்கு 5 ஆண்டுக்கு ஒதுக்கியது சுமார் 13,000 கோடி. வில்லை அந்தத் திட்டத்தோடுதான் வேகமாகப் பரவியது. தடுப்பூசி போட்ட மாடு எது, போடாத மாடு எது என்று தெரிய வேண்டும் அல்லவா?

பணமும் உழைப்பும் போகிற இடம் வேறு. ஒரு மாட்டுக்கு வில்லை போடுவது எப்படி என்று சொன்னால் புரியும். மாட்டுக்காரர் காலையில் பால் கறந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார், ஆகவே நாங்கள் விடியலிலோ விளக்கு வைக்கிற நேரத்திலோதான் போக முடியும். மூக்கணாங்கயிற்றை ஒருவர் பிடிக்க வேண்டும். காதைத் தடவிப் பார்த்தால் இரண்டு தடித்த நரம்பு தட்டுப்படும், நடுவில் மெல்லிசாக ஓர் இடம். இடுக்கியை அங்கே வைத்து ஒரே அழுத்து. கொஞ்சம் தள்ளிப் போட்டால் ரத்தம் வரும். ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் அப்புறம் அந்தத் தெருவே நம்மை உள்ளே விடாது. இவ்வளவும் 2 நிமிட வேலை. அதற்குப் பிறகு கைபேசியை எடுத்து ஊர், பெயர், எண், இனம், ஈற்று, சினை என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கோபி பக்கத்து மலையோரக் கிராமங்களில் சிக்னலே கிடைக்காது. வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு வந்து ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஏற்றுவோம். 40 மாட்டு எண், 12 இலக்கம், சாணி பட்ட விரலால் எழுதிய தாள். ஓர் இலக்கம் புரண்டால் பசு எருமையாகும். உங்கள் மாட்டுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். என் கையாலும் அப்படிப் பிழைகள் போயிருக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

ஆகவே, திட்டம் போடுகிறவர்கள் வில்லையை எண்ணுகிறார்கள், ஏற்றுகிறவன் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. ஒருமுறை வில்லை போடுவதோடு முடிவதும் இல்லை. விற்றால், செத்தால், வில்லை விழுந்தால், கன்று போட்டால் ஒவ்வொரு முறையும் திருத்தம். அதைச் செய்கிற ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். சிகிச்சை பார்க்கிற ஆளிடமே அதையும் கட்டிவிட்டால் ஏதோ ஒன்று விட்டுப்போகும். ஒன்று சிகிச்சை, இல்லாவிட்டால் பதிவு.

இணையப்பெட்டி

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். வீட்டில் மூன்று மாடு, அப்பா பார்த்துக்கொள்கிறார். பதிவு அலுவலகம் எங்கே என்ற கேள்வியே இந்தக் காலத்தில் தேவையா என்று நினைக்கிறேன். வில்லை எண்களை ஏற்றுகிற 'இனாஃப்' என்ற பழைய மென்பொருளை உருவாக்கியது குஜராத்தின் ஆனந்தில் இருக்கிற தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம். இப்போதைய 'பாரத் பசுதன்' பின்னாலும் அவர்கள் இருக்கிறார்கள். ஆனந்தில் இருந்தால் என்ன, அம்பாசமுத்திரத்தில் இருந்தால் என்ன? வங்கிக் கணக்கை யாரும் ஊரைப் பார்த்துத் தொடங்குவதில்லை. விற்கிறவர் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி, வாங்குகிறவர் கைபேசிக்கு ஒன்று, இருவரும் சரி என்றால் பெயர் மாறிவிட வேண்டும். கட்டடம், மேசை, ஆள் எல்லாம் வீண் செலவு.

சந்தைவாசல்

இணையப்பெட்டி சகோ, ஒருநாள் விடியற்காலை 3 மணிக்கு எங்கள் சந்தைக்கு வந்து பாருங்கள். எங்கள் அப்பா தரகர், தாத்தாவும் தரகர். நான் படித்துவிட்டு இப்போது வண்டி ஏற்றிவிடுகிற வேலையைப் பார்க்கிறேன்.

மாடு விற்க வருகிறவர் பெரும்பாலும் வயதானவர். கைபேசி மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். வாங்குகிறவர் கேரளத்துக்காரர், அவர் கையில் கேரளத்து எண். இடையில் ஒரே ராத்திரியில் மாடு இரண்டு கை, சில நேரம் மூன்று கை மாறும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடிய ஐந்து நிமிடம். வண்டிக்காரர் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் மாடு வெயிலில் வாடும். அங்கே குறுஞ்செய்தி வருமா வராதா என்று யார் காத்திருப்பார்கள்?

தரகர் வில்லையைப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. சுழி பார்ப்பார், கொம்பு பார்ப்பார், வாயைத் திறந்து பல் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்பதில்தான் விலை. எண்ணுக்கு அங்கே மதிப்பு கிடையாது. வில்லை இருப்பதால் விலை ஒரு நூறு கூடுமென்றால் நாளைக்கே எல்லோரும் துடைத்துப் படிப்பார்கள். இப்போது அது தொல்லை. பழைய பெயர் ஏதாவது வந்து மாட்டிக்கொள்ளுமோ என்று பயந்து அறுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் ஆதரிக்கவில்லை, ஏன் அறுக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

அதனால், மேசை போடுவதென்றால் மாவட்டத் தலைநகரில் போடாதீர்கள். மாடு மாவட்டத் தலைநகருக்குப் போகாது. சந்தை வாசலில் போடுங்கள்.

கரிசல்கிடை

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு ராமநாதபுரம் பக்கம். அப்பா கீதாரி, ஆட்டு மந்தையை ஊர் ஊராக ஓட்டிப்போய் மேய்க்கிறவர். மாட்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், ஆட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. 2019 கணக்கில் இந்த மாநிலத்தில் செம்மறியும் வெள்ளாடும் சேர்த்தால் ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. மாட்டை விட அதிகம்.

பதிவுக்கு 'ஊர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் ஆட்டுக்கு எந்த ஊரை எழுதுவது? இங்கே கோடை கடுமையானதும் மந்தை கிளம்பிவிடும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அறுத்த வயலில் கிடை போடுவோம். ஒரு வயலில் நாலு ராத்திரி, அடுத்த வயலில் மூன்று. குட்டிகளைக் கொடாப்புக்குள் அடைத்துவிட்டு அப்பாவும் சித்தப்பாவும் வரப்பில் படுப்பார்கள். மழை பிடித்தால் திரும்புவோம். அங்கே ஆட்டுக்கு நோய் வந்தால் அந்த ஊர் மருந்தகத்தில், உங்கள் ஊர் எது, பதிவு எங்கே என்று கேட்கிறார்கள். சொந்த ஊருக்கு வந்தால், ஆடு இங்கே இல்லாதபோது தடுப்பூசி முகாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். போன வருடம் இரண்டு இடத்திலும் விட்டுப்போய் 23 குட்டி செத்தது. கழிச்சல், வாயில் புண். எங்கள் அம்மா ஒவ்வொன்றையும் மடியில் வைத்துக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு அடையாளம் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காது வெட்டு உண்டு. நுனியில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று பார்த்ததும் யாருடைய ஆடு என்று தெரிந்துவிடும். ஐந்நூறு ஆட்டில் ஒன்று வேறு மந்தையில் கலந்தாலும் விடிவதற்குள் திரும்பி வந்துவிடும். அரசாங்கத்துக்கு அந்த வெட்டு புரியாது, எண்தான் புரியும், சரி. எண் போடுங்கள். மந்தை போகிற வழியில் பதிவு செய்ய இடம் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கம்பிரியா மழை

கரிசல்கிடை தங்கச்சி எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கிலாந்தின் வடக்கே ஓர் இறைச்சிக் கூடத்தில், மாடு இறங்குகிற வாசலில் தாள் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். நீங்கள் பேசுகிற இரண்டு கேள்வியும், செலவு, இடம், இந்த நாட்டில் பெரிய விலை கொடுத்துப் படித்த பாடங்கள்.

1996 மார்ச்சில், மாட்டுப் பித்த நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கலாம் என்று இங்கே அரசு ஒப்புக்கொண்டது. உடனே ஐரோப்பா பிரிட்டிஷ் மாட்டிறைச்சியைத் தடை செய்தது. தடை நீங்க வேண்டுமானால் ஒவ்வொரு மாடும் எங்கே பிறந்தது, எங்கெங்கே போனது என்று காட்ட வேண்டும். அதற்காக 1998 செப்டம்பரில் மாட்டு நடமாட்டப் பதிவு அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார்கள். இடம் வொர்க்கிங்டன். கம்பிரியா கடலோரத்தில், நிலக்கரியும் இரும்பும் ஓய்ந்துபோன ஊர். அந்த வருடம் ஜூலை வரை வேளாண் அமைச்சராக இருந்த ஜாக் கன்னிங்ஹாமின் தொகுதி பக்கத்துத் தொகுதி. அதனால்தான் அங்கே வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசு அலுவலகத்துக்கு இடம் பார்க்கும்போது வேலை இல்லாத ஊருக்கு வேலை கொடுப்பதும் ஒரு நல்ல காரணம்தான் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் தலைநகரிலேயே குவிக்க வேண்டுமா என்ன?

இங்கே மாட்டுக்கு பாஸ்போர்ட் உண்டு. கன்று பிறந்து 20 நாளுக்குள் இரண்டு காதிலும் வில்லை, 27 நாளுக்குள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம். மாடு இடம் மாறினால் 3 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நாள் தவறினால் பாஸ்போர்ட் கிடைக்காது, அந்த மாடு உணவுக்குப் போக முடியாது. என் மேசைக்கு வருகிற தாளில் ஒரே ஓர் இலக்கம் காதோடு பொருந்தாவிட்டால் மாட்டைத் தனியாக நிறுத்திவிடுவோம். செலவு எப்படிப் பங்காகிறது என்றால், வில்லையை விவசாயி தன் காசில் வாங்குகிறார். பாஸ்போர்ட் இலவசம். தொலைத்துவிட்டால் மாற்றுத் தாளுக்கு 20 பவுண்டு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2001 பிப்ரவரியில் கோமாரி வந்தது. மாட்டுக்குக் கணினி இருந்தது, அலுவலகம் இருந்தது. செம்மறி ஆட்டுக்குத் தனி எண் இல்லை, அதன் நடமாட்டத்தை ஓரிடத்தில் பதிகிற ஏற்பாடும் இல்லை. நார்தம்பர்லாந்தின் ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து பக்கத்து ஆடுகளுக்குத் தொற்றி, அந்த ஆடுகள் ஹெக்ஸம் சந்தைக்கும் அங்கிருந்து லாங்டவுன் சந்தைக்கும் போயின. லாங்டவுனிலிருந்து நாடு முழுக்க. நடமாட்டத் தடை போடுவதற்குள் எல்லாம் போய்விட்டது. 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். அரசுக்கு 300 கோடி பவுண்டு, வெளியே தனியாருக்கு 500 கோடி பவுண்டு நட்டம் என்பது தணிக்கைத் துறையின் கணக்கு. எல்லாவற்றையும் விட அதிகம் அடிபட்டது கம்பிரியா. லாங்டவுனும் வொர்க்கிங்டனும் ஒரே மாவட்டம்! மாட்டுப் பதிவு அலுவலகம் இருந்த மாவட்டத்திலேயே, ஆட்டுச் சந்தை வழியாக நோய் கடந்து போனது. இங்கே வயதான விவசாயிகள் அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் உடையும்.

ஆகவே தங்கச்சி கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். ஆட்டை விட்டுவிட்டு மாட்டை மட்டும் எண்ணினால் நோய்க்கு வாசல் திறந்தே இருக்கும்.

இணையப்பெட்டி

கம்பிரியா மழை அண்ணா, ஒரு சந்தேகம். அந்த நாட்டு மொத்த மாட்டுக்கும் அந்த ஒரே அலுவலகமா?

கம்பிரியா மழை

இல்லை. வடக்கு அயர்லாந்துக்கு எப்போதும் தனி ஏற்பாடுதான். 2021 அக்டோபரிலிருந்து ஸ்காட்லாந்தும் தன் மாடுகளைத் தானே பதிகிறது. எல்லை தாண்டுகிற மாட்டுக்கு இரண்டு கணினியும் ஒத்துப்போக வேண்டும், அதில் சிக்கல் வந்தால் தாளோடு என்னிடம்தான் வருவார்கள். ஆனால் இதையும் நினைத்துப் பாருங்கள். இந்த நாடு முழுவதும் சேர்த்து மாடு 90 லட்சத்துக்குச் சற்று மேல். தமிழ்நாட்டு எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே. இங்கே ஒரு பண்ணையில் 150 மாடு இருக்கும், பதிவுக்கென்றே வீட்டில் ஒருவர் உட்காருவார். உங்கள் ஊரில் அதே 95 லட்சம் மாடு இரண்டு, மூன்று என்று எத்தனை லட்சம் வாசலில் கட்டியிருக்கிறது! அதனால் இங்கே போல விவசாயியே எல்லாம் பதியட்டும் என்று அப்படியே அங்கே கொண்டுவர முடியாது.

உருகுவே பார்த்தவன்

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. உருகுவேயில் மனிதரை விட மாடு மூன்று மடங்கு அதிகம். அங்கேயும் 2001இல் கோமாரி அடித்தது. 2006இல் ஒவ்வொரு மாட்டுக்கும் அடையாளம் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, வில்லையை அரசே இலவசமாகக் கொடுத்தது. வில்லைக்குக் காசு கேட்டால் கன்றை மறைப்பார்கள், மறைத்தால் மொத்த ஏற்பாடும் பாழ் என்று எனக்குப் புரிந்தது. நம் ஊரில் விழுந்த வில்லைக்குக் கட்டணம் கேட்டால் அதேதான் நடக்கும். 50 ரூபாயை மிச்சம் பிடிக்க வில்லை இல்லாத மாடாகவே வைத்துக்கொள்வார்கள்.

பழைய மருந்தகம்

இதை நான் அப்படியே ஆமோதிக்கிறேன். வில்லை விழுவது மாட்டுக்காரர் குற்றமும் இல்லை. இலந்தை முள்ளில் மாட்டும், தொட்டி விளிம்பில் மாட்டும், பக்கத்து மாடு நக்கி இழுக்கும். காது கிழிந்து வரும்போது அதற்கும் ஒரு தண்டம் என்றால் யார் நம்மைக் கூப்பிடுவார்கள்?

கேரள எல்லைக்கு வருவோம். வாளையார், மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். 2013இல் கோமாரி தென் மாநிலங்களை வாரிக்கொண்டு போனபோது, எந்த மாடு எந்தச் சந்தையிலிருந்து வந்தது என்று தேடி அலைந்தோம். தரகர் நினைவை வைத்துத்தான் தேடினோம். அவர்கள் நினைவு நல்ல நினைவு, ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில் தேட வழி இல்லை.

இணையப்பெட்டி

நான் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கணினி எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் தகவல் பிறக்கிற இடத்தில் ஆள் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சந்தை வாசல், பால் சங்கம், கிடை போகிற வழியில் இருக்கிற மருந்தகங்கள். கரிசல்கிடை சகோதரிக்கு ஒரு கேள்வி. மந்தைக்கு ஓர் எண் கொடுத்து, 'ஊர்' என்ற கட்டத்துக்குப் பதில் கீதாரியின் பெயரில் பதிந்து, எந்த மருந்தகத்திலும் அந்த எண்ணைச் சொன்னால் ஊசி போட வேண்டும் என்று வைத்தால் உதவுமா?

கரிசல்கிடை

உதவும் அண்ணா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். எங்கள் மந்தையில் நாலு குடும்பத்து ஆடு ஒன்றாகப் போகும். ஒரே பெயரில் எழுதினால் நாளைக்குப் பங்கில் சண்டை வரும். காது வெட்டையும் கூடவே எழுதிக்கொண்டால் யாருடையது என்று தகராறு இருக்காது என்றார்.

கீழ்பவானிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு விஷயம் சொல்லப் போகிறேன். விழுந்த வில்லைக்குக் காசு வாங்கக் கூடாது. ஆள் கேட்பதானால் சந்தை நாளில் சந்தையிலும் மற்ற நாளில் பால் சங்கத்திலும் இருக்கிற மாதிரி ஓர் ஆளைக் கேட்க வேண்டும்.

சந்தைவாசல் தம்பி, ஒன்று சொல்லுங்கள். மாட்டை வெளியே ஓட்டும்போது சுங்கச் சீட்டு கிழிக்கிறார்களே, அதில் என்னென்ன எழுதுகிறார்கள்? ஆள் வரும் வரைக்கும் அந்தச் சீட்டிலாவது வில்லை எண்ணை ஏற்ற முடியுமா?

சந்தைவாசல்

இப்போதுதான் வீட்டில் இருந்த பழைய சீட்டுக் கட்டை எடுத்துப் பார்த்தேன் அண்ணா. விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், ஊர், தொகை. கீழே 'அடையாளம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அப்பா கையெழுத்தில் 'மயிலை, கூடு கொம்பு, நெற்றியில் சுழி' என்று இருக்கிறது. பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடமும் இருக்கிறது, 12 இலக்கம் தாராளமாக எழுதலாம். வருகிற வியாழக்கிழமை வாருங்கள். டார்ச்சும் ஒரு ஈரத்துணியும் நான் கொண்டுவருகிறேன். முதல் பத்து மாட்டுக்கு நாமே எழுதிப் பார்ப்போம்.